பின் ஒழுங்கைச் சோதனை

சென்ற வாரம் கார்த்திக் என்ற தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து மொன்றியலில் கணினி வேலை செய்கிறவர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிறார். அவரும் நண்பர்கள் மூவரும் மாசி மாதம் கஸ்பேசி மலைகளுக்கு ஸ்கீ செய்யப் போகிறார்களாம். கம்பியில் ஓடும் கதிரையில் ஏறி, இயந்திரம் சீராக்கிய சரிவில் வழுக்கி இறங்குகிற ஸ்கீ அல்ல இது. பாதையும் காவலாளியும் இல்லாத மலையில் தாங்களே ஏறித் தாங்களே இறங்குகிற ஸ்கீ.

"அங்கிள், நீங்க அந்த ஃபீல்டுல இருந்தவருன்னு சொன்னாங்க. எங்க சங்கத்து மலர்ல போடறதுக்கு ஒரு பத்து டிப்ஸ் எழுதிக் குடுங்க. சிம்பிளா இருந்தா போதும். நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."

"சாமான் எல்லாம் எடுத்தாச்சோ தம்பி?"

"எல்லாம் வாங்கியாச்சு அங்கிள். டாப் பிராண்ட்."

"பீக்கனைச் சோதிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஆன் பண்ணினா லைட் எரியுது அங்கிள். புதுசுதானே."

லைட் எரியுதாம். எனக்கு ஏறிய கோபத்தில் வாயைத் திறந்தால் பிழையாக ஏதாவது வந்துவிடும் என்று, எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இதோ எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மலைக்கும் போக வேண்டாம்.

டிப்ஸ்தான் வேண்டுமென்றால் முதலிலேயே கொட்டிவிடுகிறேன், பொறுக்கிக்கொள்ளுங்கள். பனி வாரும் ஷவல் உலோகத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் ஷவல் வீட்டு வாசலுக்குச் சரி. சரிந்து இறுகிய பனி சீமெந்து மாதிரி, அதில் பிளாஸ்ரிக் உடையும். புதைந்தவரைக் குத்தித் தேடும் மடிப்புக் கம்பியை வீட்டிலேயே பத்துத் தரம் விரித்துப் பூட்டிப் பழகுங்கள், மலையில் உங்கள் விரல் விறைத்திருக்கும். புதைந்தவர் எங்கே என்று காட்டுகிற பீக்கனுக்குப் புதிய அல்கலைன் பற்றரி மட்டும். மறுபடி மறுபடி ஏற்றுகிற பற்றரி கடைசி நிமிடம் வரை நிறைந்திருப்பதாகக் காட்டிவிட்டுச் சட்டென்று செத்துவிடும். கோடை வந்ததும் பற்றரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளே கசிந்து அரிக்கும். கைத்தொலைபேசியைப் பீக்கனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சரிவில் இறங்கும்போது ஊன்றுகோலின் வாரைக் கையில் மாட்டாதீர்கள், பனி அதைப் பிடித்து உங்களைக் கீழே இழுக்கும். ஒரு சரிவில் ஒரு நேரம் ஒருவர் மட்டும். பனிச்சரிவு அறிவித்தலைக் காலையில் வாசியுங்கள். வாசித்துவிட்டு, போகவேண்டாம் என்று இருந்தால், எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தோமே என்று கணக்குப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

இவையெல்லாம் எந்தக் கடையிலும் சும்மா கிடைக்கிற புத்திமதி. சும்மா கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் பெயர் சிலுவைராசா. மன்னாரில் படகு எஞ்சின் திருத்தியவன். மொன்றியலுக்கு வந்த பிறகு பல வருடம் உணவகங்களில் சட்டி கழுவினேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு, மலைக்குப் போகிறவர்களின் சாமான்களை விற்று வாடகைக்கும் விடுகிற ஒரு கடையின் திருத்தகத்தில் வேலை கிடைத்தது. ஸ்கீயைக் கண்ணால் கண்டதில்லை. என் கை எஞ்சினில் பழகிய கை என்று சொன்னதால் எடுத்தார்கள்.

எடுத்தவர் திருத்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த மொசியு பெர்னியே. அறுபதைத் தாண்டியவர். மலைக் காவலராக இருந்து முழங்கால் போனதால் கடைக்கு வந்தவர். அவர் பேசியது பிரெஞ்சு, நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒருவரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். பிழை செய்தால் பென்சிலால் மேசையை இரண்டு தரம் தட்டுவார், அவ்வளவுதான். அந்தத் தட்டலுக்கு நான் பயந்ததுபோல் யாருடைய ஏச்சுக்கும் பயந்ததில்லை.

முதல் வாரம் என்னை மொன்-ரோயால் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியை வாங்கி, அதோடு ஒரு பீக்கனைக் கட்டி, நான் மறுபக்கம் திரும்பி நிற்கையில் பனிக்குள் எங்கோ புதைத்துவிட்டு வந்தார். "கண்டுபிடித்தால் சாப்பிடலாம்" என்றார்.

பீக்கன் என்றால் உள்ளங்கையளவு கருவி. நெஞ்சோடு கட்டிக்கொள்வது. போட்டிருக்கும் நேரமெல்லாம் அது விட்டுவிட்டு ஒரு சைகை அனுப்பும். ஒருவர் பனிச்சரிவில் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் 'தேடு' என்ற பக்கம் திருப்பி, சைகை கூடுகிற திசையில் நடந்து போய்த் தோண்ட வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் ஆள் பிழைக்கும். பிறகு ஒவ்வொரு நிமிடமும் எமன்தான்.

அன்றைக்கு என் சோற்றைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. மீன் குழம்பு கல்லாகியிருந்தது. பெர்னியே மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் மதிய உணவு செத்துப்போய்விட்டது" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த நாளும் புதைத்தார். அதற்கடுத்த நாளும் புதைத்தார். வெள்ளிக்கிழமை நாலு நிமிடத்தில் எடுத்துச் சுடுசோறு சாப்பிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

ஆனால் வேலை அது அல்ல. வேலை பின் ஒழுங்கையில் நடந்தது.

கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் செங்கல் சுவருக்கும் இடையில் ஒடுங்கிய சந்துபோல நீளமான ஒழுங்கை ஒன்று உண்டு. அதன் சுவரில் பெர்னியே செம்மஞ்சள் பெயின்ரால் கோடு போட்டிருந்தார். கால் எட்டி வைக்கும் கவடு கணக்கில், ஐந்தாவது கவட்டில் ஒரு கோடு, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. ஒவ்வொரு வியாழனும், வாடகைக்குப் போகிற ஒவ்வொரு பீக்கனையும் ஒழுங்கையின் ஒரு முனையில் மரப்பெட்டி மேல் வைக்க வேண்டும். தேடுகிற பீக்கனோடு மறு முனையிலிருந்து நடந்து வர வேண்டும். முப்பதாவது கவட்டுக் கோட்டுக்கு வரும்போது கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பீக்கன் வாடகைக்குப் போகாது. கேட்டால், அதன் வாரில் ஒரு சின்னக் காகித மட்டை கட்டி, அதில் சோதித்தவர் தன் அடையாளத்தைப் போட வேண்டும். ஒரு பீக்கனுக்கு மூன்று நிமிடம். பன்னிரண்டு பீக்கன் இருந்தது. பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக் குளிரிலும் அப்படித்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "லைட்தான் எரிகிறதே மொசியு, ஏன் நடக்க வேண்டும்?"

அவர் ஒரு பழைய பீக்கனின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று இருந்தது. சைகையை வெளியே அனுப்புவது அதுதான். சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தாலே அது உள்ளுக்குள் வெடித்துக் கீறல் விழுந்துவிடும். வெடித்தாலும் லைட் மின்னும், பற்றரி நிறைந்திருப்பதாகக் காட்டும். பக்கத்தில் நின்று சோதித்தால் சைகைகூடக் கேட்கும். தூரத்துக்கு மட்டும் கேட்காது.

"லைட் கடைக்காரனுக்காக எரிகிறது" என்றார். "புதைந்தவருக்கு இந்தக் குச்சி மட்டும்தான். இதை வெளியே நின்று பார்க்க முடியாது. அதனால் நடக்கிறேன்."

எனக்கு முன் அங்கே வேலை செய்த ஒருவன், குளிருக்குப் பயந்து பெர்னியேயின் அடையாளத்தைத் தானே கள்ளமாகப் போட்டுப் பிடிபட்டவனாம். அதனால் என்னிடம், "உங்கள் மொழியில் போடுங்கள். இந்தக் கட்டடத்தில் வேறு யாராலும் போட முடியாதபடி" என்றார். நான் 'சி' என்று எழுதினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அன்றிலிருந்து அந்தக் கடையின் மட்டைகளில் சி இருந்தது.

அவர் வாடிக்கையாளருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருமுறை பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் பீக்கனை வாங்கித் தன் முதுகுப் பைக்குள் போட்டார். உடுப்புக்கு உள்ளே நெஞ்சோடு கட்டுங்கள் என்று பெர்னியே சொன்னார். மலையில் போய்க் கட்டுகிறேன் என்றார் மற்றவர். "பனி பையைப் பறித்துக்கொண்டு போனால் உங்கள் மனைவி பையைத் தோண்டி எடுப்பார்" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டிப் பீக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் கடை உரிமையாளருக்கு முறைப்பாடு எழுதினார். பெர்னியே அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அவருடைய மற்ற முழங்காலும் போனதும் அவர் வேலையை விட்டுவிட்டுப் பியர்பொன்ட்ஸிலிருந்த தன் வீட்டோடு இருந்துவிட்டார். அவரிடத்துக்கு ஸ்ரெபான் வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல பல்லு, எல்லோரையும் முதல் நாளே தோளில் தட்டுவான். மலைக்குப் போகிறவர்கள் கூடிக்கொண்டு வந்த காலம். பன்னிரண்டு பீக்கன் நாற்பதாகியது. அதில் பழையதும் இருந்தது, புது விதமானதும் இருந்தது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை நான் கண்ணால் பார்த்தேன். வாராவாரம் சோதித்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு பத்தில் ஒன்றைச் சோதித்தால் போதும் என்றான். பிறகு ஒழுங்கையில் பனி குவிந்து கிடக்கிறது, உள்ளேயே பாருங்கள் என்றான். உள்ளே எங்கே முப்பது கவடு இருக்கிறது? மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

"புதுப் பீக்கன்கள் தங்களைத் தாங்களே சோதிக்கின்றன, சிலு" என்பான். என் பெயரை அவன் அப்படித்தான் அரைவாசியாக வெட்டி வைத்திருந்தான். "நீ இன்னும் பெர்னியேயின் காலத்தில் இருக்கிறாய்."

நான் வாதாடினேன். மூன்று தரம் வாதாடினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. நாலாவது தரம் வாதாடவில்லை. அதுதான் கணக்கு.

அது மாசி மாதத்து வியாழன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிர், காற்று வேறு. ஸ்ரெபான் நாற்பது வெறும் மட்டைகளை ஒரு கட்டாக என் முன்னால் வைத்தான்.

"இதிலெல்லாம் உன் அடையாளத்தைப் போட்டு வை. நேரம் கிடைக்கும்போது சோதித்துக் கட்டிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ஆட்கள் வரிசையில் நிற்கும்போது மட்டை இல்லையென்று திண்டாட முடியாது."

அவனால் அதைப் போட முடியாது. அதனால்தான் கேட்டான். களவு போகக் கூடாது என்று பெர்னியே கண்டுபிடித்த பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது. நான் தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சூடேற்றிக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு, நாற்பது தரம் சி எழுதினேன். யாரும் என்னை வெருட்டவில்லை. வேலை போகும் என்று சொல்லவில்லை. வெளியே குளிர். அதைவிட வேறு காரணம் எனக்கு இல்லை. நேரம் கிடைக்கும் என்று அவன் சொன்னது பொய்யென்று எனக்கு அப்போதே தெரியும். இதை எழுதும்போது என்னைப் பிடித்து நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த நாள் பின்னேரம் லூக்கும் அனிக்கும் வந்தார்கள். கணவனும் மனைவியும். முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். வில்லரேயில் என் வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளி இருந்தவர்கள், தெருவில் கண்டால் தலையாட்டுகிற பழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் இரண்டு நண்பர்களோடு கஸ்பேசிக்குப் போகிறவர்கள். கவனமான ஆட்கள். ஷவல், கம்பி எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார்கள். பீக்கன் மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். அனிக் பீக்கனை வாங்கியதும் ஜக்கெற்றைக் கழற்றி, அங்கேயே நெஞ்சோடு கட்டிப் பார்த்தாள். பெர்னியே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

லூக் மட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "எல்லாம் சோதித்ததுதானே?"

"ஆமாம்" என்றேன்.

ஒரு சொல். பிரெஞ்சில் அது இன்னும் சின்னச் சொல்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. பனிச்சரிவு அறிவித்தலில் அன்றைக்கு ஆபத்து நடுத்தரம் என்று இருந்ததாம். ஒவ்வொருவராகத்தான் இறங்கினார்களாம். மூன்றாவதாக அனிக் இறங்கும்போது பனி வெடித்துச் சரிந்தது. மற்ற மூன்று பேரும் உடனே பீக்கனைத் திருப்பித் தேடத் தொடங்கினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேலும் கீழும் நடந்தார்கள். கடைசியில் கம்பியால் வரிசையாகக் குத்திக் குத்தி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். இடுப்பளவு ஆழத்தில்தான் இருந்தாள். இடுப்பளவு பனியை மூன்று பேர் தோண்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?

பொலிஸ் அவளுடைய பீக்கனை எடுத்துப் பார்த்தது. லைட் மின்னியது, பற்றரி நிறைந்திருந்தது. கிட்டப் பிடித்தார்கள், சைகை கேட்டது. கடையின் காப்புறுதிக்காரர் அனுப்பிய நிபுணர் ஒருவரும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். கருவியில் குறை இல்லை, தேடியவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, பதற்றத்தில் தவறவிட்டிருக்கிறார்கள் என்று இருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதி லூக்குக்கும் போனது. அதாவது, உன் மனைவி புதைந்த இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், உனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று ஒரு மனிதனுக்குத் தபாலில் எழுதி அனுப்பினார்கள்.

ஸ்ரெபான் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். அவன் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்க மாட்டேன். செத்த வீட்டில் பந்தி நன்றாக நடந்தது என்று சொல்கிறவன் மாதிரி இருந்தான்.

பீக்கன் கடைக்குத் திரும்பி வந்தது. மட்டை இன்னும் வாரில் தொங்கியது. இனி இதை வாடகைக்கு விடாமல் பெட்டியில் போடு என்றான். அவன் சாப்பிடப் போன நேரம் நான் அதை எடுத்துக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போனேன். குவிந்திருந்த பனியை வழித்துவிட்டு, மரப்பெட்டிமேல் வைத்தேன். மறு முனையிலிருந்து நடந்தேன்.

முப்பதில் கேட்கவில்லை. இருபதில் கேட்கவில்லை. பத்துக் கோட்டில் நின்று கருவியை எல்லாப் பக்கமும் திருப்பினேன், ஒன்றும் இல்லை. ஐந்தையும் தாண்டி, பெட்டிக்கு மூன்று கவடு இருக்கும்போதுதான் முதல் சத்தம் வந்தது. உள்ளே கொண்டுவந்து மூடியைக் கழற்றினேன். கறுப்புக் குச்சி நடுவில் வெடித்திருந்தது.

ஸ்ரெபானிடம் காட்டினேன். அவன் குச்சியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான். "பனிச்சரிவில் அடிபட்டு உடைந்திருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்படியென்றால் நம்முடைய பிழை என்று எப்படிச் சொல்வாய்?"

"வியாழக்கிழமை சோதித்திருந்தால் நல்லபடிதான் கொடுத்தோம் என்று சொல்லியிருக்கலாம். சோதிக்கவில்லை. அதனால்தான் நீ இப்போது இருக்கலாம், இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாய்."

"மட்டையில் இருப்பது உன் அடையாளம், சிலு" என்றான். குரலை உயர்த்தவில்லை. வெருட்டுவது போலவும் சொல்லவில்லை. நண்பனுக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னான். அவனைக் கையில் இருந்த திருப்புளியால் குத்தியிருப்பேன், ஆனால் அவன் சொன்னது உண்மை.

அன்று பின்னேரம் பஸ் ஏறிப் பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பெர்னியே சமையலறைக் கதிரையில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரெபானைப் பற்றி நிறையச் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த பென்சிலைத் தொடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"மட்டையில் யாருடைய எழுத்து?"

"என்னுடையது."

"பிறகு ஏன் என்னிடம் வந்தீர்கள்?" என்றார்.

கோப்பி தரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. வந்த வழியே ஒன்றரை மணி நேரம் திரும்பினேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அடங்க வருடக்கணக்கானது. ஆறுதல் கேட்டுப் போன எனக்கு அவர் வாசலைக் காட்டினார். சரியான வாசலைத்தான் காட்டினார்.

அடுத்த நாள் காலை மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, பீக்கனையும் முன்னால் வைத்தேன். அந்த அதிகாரிப் பெண் அதைப் படம் எடுத்து, வெடித்த குச்சியை அளந்து எழுதிக்கொண்டாள். குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தாள். நான் சொன்னது லூக்குக்கு அறிக்கையாகப் போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். "மாதங்கள்" என்றாள். அதோடு எனக்கு அந்தக் கடை வேலை போனது. அதற்காக நான் ஒரு நாளும் கவலைப்படவில்லை. பிறகு ஓய்வு பெறும் வரை வேறோர் இடத்தில் அதே வேலையைச் செய்தேன், ஒவ்வொரு வியாழனும் நடந்தேன்.

ஞாயிறு காலை பூசைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனுசி மெற்றில்டா வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அந்தப் பொடியனிட்டப் போனீங்களே?"

"இன்னும் இல்லை. அதிகாரியிட்டக் குடுத்திட்டன்தானே. அவை அறிவிப்பினம்."

"எப்ப?"

"கொஞ்ச மாசம் ஆகுமாம்."

"அதுவரைக்கும் அவன் தான்தான் பெண்சாதியைச் சாகவிட்டனெண்டு கிடந்து வேகட்டும் எண்டுறீங்களோ? பூசைக்குப் போய் என்னத்தை மன்றாடப் போறியள்? முதல் அங்க போயிட்டு வாங்கோ."

பீக்கனையும், என் தேடுகிற பீக்கனையும் பையில் போட்டுக்கொண்டு ஆறு தெரு நடந்தேன். முன் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிப் பின் ஒழுங்கைக்குப் போனேன்.

ஒழுங்கை முழுக்கக் குழி. இருபது முப்பது குழி இருக்கும், பனியில் அங்கும் இங்கும் தோண்டிக் கிடந்தன. லூக் நடுவில் முழங்காலில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்ரிக் பையை இழுத்து எடுத்து, அதற்குள் இருந்த பீக்கனை நிறுத்திவிட்டு, கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகுதான் என்னைக் கண்டார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"மூன்று நிமிடம்" என்றார். "சொந்தமாக இரண்டு வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரன் புதைத்துவிட்டுப் போகிறான், எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து தேடுகிறேன். எல்லா நாளும் மூன்று, மூன்றரை. அதற்குமேல் போவதே இல்லை." என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் தெரியும்தானே இந்த விஷயம் எல்லாம். அன்றைக்கு மட்டும் எனக்கு ஏன் முடியவில்லை?"

வழி முழுக்க நான் பிரெஞ்சில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனங்களை விட்டுவிட்டேன். பையைத் திறந்து அனிக்கின் பீக்கனை எடுத்தேன். வாரில் மட்டை இருந்தது. அவர் அதை அடையாளம் கண்டார். அவருடைய முகத்தைப் பார்க்காமல், அதை இயக்கி, லைட் மின்னுவதைக் காட்டி, ஒழுங்கையின் கடைசியில் கொண்டுபோய்ப் பனிமேல் வைத்தேன். புதைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிய வைத்தேன்.

"தேடுங்கள்" என்றேன்.

அவர் தன் பீக்கனைத் திருப்பினார். ஒழுங்கையின் மறு முனையிலிருந்து நடந்து வந்தார். கருவியைக் கிடையாகப் பிடித்து, அளவான வேகத்தில், இடமும் வலமும் திருப்பி, சரியாக நடந்தார். நான் அத்தனை வருடம் பார்த்ததில் அவ்வளவு சரியாகத் தேடிய ஆளில்லை. சத்தம் வரவில்லை. கருவியை ஒருமுறை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். வரவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன், அதோடு முதலிலிருந்து நடந்து வந்தார். அதிலும் வரவில்லை. மின்னுகிற லைட்டை இரண்டு பேரும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று கவடு இருக்கும்போதுதான் அது கேட்டது.

அவர் அங்கேயே நின்றார். திரும்பவும் பின்னால் நடந்து போய், திரும்பவும் வந்தார். அதே மூன்று கவட்டில் கேட்டது.

"மட்டையில் இருக்கிற எழுத்து என்னுடையது" என்றேன். "சோதித்ததா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். சோதிக்கவில்லை. வெறும் மட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்."

அவர் குனிந்து மட்டையைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நான் சரியாகத்தான் தேடினேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "முதல் தரம் நடந்தபோது அவளுக்குப் பத்துக் கவடு தள்ளிப் போயிருக்கிறேன். சரியாகத்தான் போயிருக்கிறேன்."

பிறகு ஷவலை எடுத்து, தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். சுவரோரம் இன்னொரு ஷவல் சாத்திக் கிடந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன்.

"அதைத் தொட வேண்டாம்" என்றார். "அது அவளுடையது."

போகச் சொல்லவில்லை. நிற்கச் சொல்லவும் இல்லை. கடைசிக் குழி மூடி முடியும் வரை நான் வெறுங்கையோடு அங்கே நின்றேன்.